முதல் அடி யாருடையது? போலியோ ஆவணங்களில் ஒரு தேடல்

போலியோவைப் பற்றிய எந்த மருத்துவப் பாடநூலைத் திறந்தாலும் ஒரு தகவல் கட்டாயம் இருக்கும். இந்த வைரஸ் தண்டுவடத்தின் முன்கொம்பில் உள்ள இயக்க நரம்புச் செல்களை அழிக்கிறது. அதனால் கைகால் விழுந்துவிடுகிறது. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ இதில் ஒரு கேள்வி தீராமல் இருந்தது. செல்லை அழிப்பது வைரஸ்தான் என்று யார், எப்போது, எதைக் கொண்டு நிரூபித்தார்கள்?

கேள்வி வீணானதல்ல. போலியோவில் இறந்தவரின் தண்டுவடத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு காட்சிகள் ஒருசேரத் தெரியும். நரம்புச் செல்கள் சிதைந்து கிடக்கும். அவற்றைச் சுற்றியும் ரத்தக் குழாய்களைச் சுற்றியும் வெள்ளையணுக்கள் மொய்த்திருக்கும். செல் செத்ததால் வெள்ளையணுக்கள் வந்தனவா? அல்லது, வெள்ளையணுக்கள் வந்து திசு வீங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டதால் செல் செத்ததா? ஒரே ஸ்லைடைக் காட்டி இரண்டையும் வாதிடலாம். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படி வாதிட்டும் இருக்கிறார்கள்.

எது முதலில் நடந்தது என்பதைப் பொறுத்தே வைத்தியமும் அமையும். அழற்சிதான் முதல் குற்றவாளி என்றால், வீக்கத்தை வடியச் செய்து காலைக் காப்பாற்றிவிடலாம். வைரஸே நேரடியாகச் செல்லைக் கொல்கிறது என்றால், வீக்கம் கண்ணில் படும் நேரத்தில் காரியம் கைமீறிப் போயிருக்கும். இந்த வரிசை எப்படி நிலைநாட்டப்பட்டது என்பதை அறியவே பழைய மருத்துவ இதழ்களின் தொகுதிகளுக்குள் இறங்கினேன். புதிய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். அந்த வழி என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனை.

ஆறிப்போன தடயம்

1840இல் ஜெர்மனியின் கான்ஷ்டாட் ஊரில் எலும்பு மருத்துவம் பார்த்துவந்த யாக்கோப் ஹைனே, குழந்தைகளின் கால்கள் திடீரெனச் செயலிழப்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கோளாறு காலில் இல்லை, தண்டுவடத்தில் இருக்கவேண்டும் என்று அவர் கணித்திருந்தார். ஆனால் திறந்து பார்க்க அவரிடம் தண்டுவடம் இல்லை. திறந்து பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1860களில் கோர்னில், பிரேவோ, வுல்பியன் ஆகியோர் முன்கொம்பு சுருங்கியிருப்பதைக் கண்டார்கள். 1870இல் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ழான் மர்த்தேன் ஷார்கோவும் அலிக்ஸ் ழோஃப்ருவாவும் எழுதிய அறிக்கைதான் விவாதத்துக்கு அடித்தளம் போட்டது.

அவர்கள் ஆராய்ந்தது, சிறுவயதில் வாதம் வந்து, பல பத்தாண்டுகள் கழித்து வேறொரு நோயால் இறந்த ஒரு பெண்ணின் தண்டுவடம். முன்கொம்பில் இருக்கவேண்டிய பெரிய நரம்புச் செல்களைக் காணவில்லை. சில இடங்களில் செல் மட்டும் மறைந்திருக்க, சுற்றியுள்ள திசு ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. இதிலிருந்து ஷார்கோ ஒரு முடிவுக்கு வந்தார்: அடி முதலில் விழுந்தது செல்லின் மேல்தான், மற்றதெல்லாம் பிறகு வந்தவை.

கூர்மையான வாதம்தான். ஆனால் அவர் பார்த்தது வெந்து தணிந்து பல ஆண்டுகள் ஆன இடம். தீ எங்கே பற்றியது என்பதை ஆறிய சாம்பலில் தேடினார். மறு ஆண்டே ரோஜேவும் தமாஷினோவும், நோய் வந்து அதிக காலம் ஆகாத குழந்தைகளின் தண்டுவடங்களை ஆராய்ந்து, இது அழற்சி நோய், செல் அதில் சிக்கிக்கொண்டது என்றார்கள். பிறகு பியர் மாரி, ரத்தக் குழாய் அடைப்பே மூலகாரணம் என்று கருதினார். ஒரே நகரத்தில், ஒரே நோய்க்கு, ஒன்றுக்கொன்று பொருந்தாத விளக்கங்கள்.

புதிய சடலங்கள் வடக்கிலிருந்து வந்தன. ஸ்காண்டிநேவியாவில் போலியோ கொள்ளைநோயாகப் பரவத் தொடங்கியிருந்தது. 1888இல் ஸ்வீடனின் ரிஸ்லர், நோயின் கடும் கட்டத்திலேயே இறந்தவர்களின் தண்டுவடங்களை ஆராய்ந்து, செல்கள் அழிந்துகொண்டிருக்கும் நிலையை விவரித்தார். 1905இல் அதே நாட்டில் பரவிய கொள்ளைநோயில் 1,031 பேரின் விவரங்களை ஊர் ஊராகத் திரட்டியவர் இவார் விக்மன். போலியோ ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய் என்று காட்டியவரும் அவரே. அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவருக்கும் தண்டுவடத்தில் முதலில் தெரிந்தது ரத்தக் குழாய்களைச் சுற்றிய வெள்ளையணுப் படைதான். நார்வேயின் ஹார்பிட்ஸும் ஷீலும் 1907இல் ஏறத்தாழ அதே பக்கம் நின்றார்கள்.

இந்த அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, இவர்கள் எல்லோரையும் தடுத்தது எது என்பது தெளிவாகிறது. பிரேதப் பரிசோதனை மேசைக்கு வருவது முடிந்துபோன நோய். இறந்தவரின் தண்டுவடம் ஒரே ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். முதல் நாள் என்ன நடந்தது, மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று அது சொல்லாது. வரிசையை அறிய, நோயின் ஒவ்வொரு மணி நேரத்திலும் தண்டுவடத்தைப் பார்க்கவேண்டும். மனிதரிடம் அது நடக்காத காரியம்.

குரங்கு கொடுத்த வெளிச்சமும் குரங்கு கொடுத்த இருட்டும்

1908 டிசம்பர் 18 அன்று வியன்னா மருத்துவர்கள் கூட்டத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ஒரு செய்தி சொன்னார். போலியோவில் இறந்த 9 வயதுச் சிறுவனின் தண்டுவடத்தை அரைத்து, அவரும் எர்வின் பாப்பரும் பல விலங்குகளுக்குச் செலுத்தியிருந்தார்கள். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் எலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு குரங்குகளின் தண்டுவடத்தில் மட்டும், சிறுவனின் தண்டுவடத்தில் கண்ட அதே சிதைவு தெரிந்தது. பாக்டீரியா எதுவும் அகப்படவில்லை. பாக்டீரியாவைத் தடுத்துவிடும் வடிகட்டிகளையும் கடந்துபோகும் நுண்ணுயிரி இது என்பதும் அடுத்த ஆண்டில் உறுதியானது.

இப்போது நோயை எந்த நாளில் தொடங்குவது என்பது ஆய்வாளரின் கையில் வந்துவிட்டது. அப்படியானால் 1910க்குள் விடை கிடைத்திருக்கவேண்டும். கிடைக்கவில்லை. ஏன் என்று தேடியபோது, நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளிவந்த நீண்ட கட்டுரை வரிசைக்குள் போகவேண்டியதாயிற்று.

அந்த நிறுவனத்தின் தலைவர் சைமன் ஃபிளெக்ஸ்னர் 1909இல் வைரஸைக் குரங்கிலிருந்து குரங்குக்கு மாற்றிக்கொண்டே போகும் முறையைக் கைக்கொண்டார். குரங்கு என்றால் பெரும்பாலும் வட இந்தியாவிலிருந்து கப்பலில் போன ரீசஸ் குரங்குகள். வைரஸ் செலுத்தப்பட்டது நேராக மூளைக்குள். மூளையிலிருந்து மூளைக்கு ஆண்டுக்கணக்கில் மாற்றப்பட்ட வைரஸ், நரம்புத் திசுவில் மட்டுமே பெருகும் குணத்தைப் பெற்றுவிட்டது. போதாக்குறைக்கு, ரீசஸ் குரங்கு வாய்வழியாக எளிதில் நோய்ப்படாத இனம். ஆகவே ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு இதுதான்: வைரஸ் மூக்கு வழியாக, வாசனை நரம்பைப் பிடித்து, நேரே மூளைக்குப் போகிறது, நரம்பைத் தவிர வேறெங்கும் அது வாழ்வதில்லை.

ஸ்வீடனில் கார்ல் கிளிங்கும் தோழர்களும் 1912இலேயே நோயாளிகளின் குடலில் வைரஸைக் கண்டறிந்து எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரை கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1937இல் கனடாவின் டொரண்டோ நகரில் சுமார் 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். போலியோ தடைபடவில்லை. சில குழந்தைகள் வாசனை அறியும் திறனை இழந்ததுதான் மிச்சம். ஆய்வகத்தில் பழக்கப்பட்ட வைரஸ் சொன்னதை, தெருவில் திரியும் வைரஸின் குணமென்று நம்பியதற்குக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள்.

நான் தேடிய விடைக்கான முதல் உறுதியான சான்று இந்த அமெரிக்கக் கட்டுரைகளில் இல்லை. அது 1929ஆம் ஆண்டின் ஒரு பிரிட்டிஷ் நோயியல் இதழில் இருந்தது. எழுதியவர் வெஸ்டன் ஹர்ஸ்ட். நோயின் வெவ்வேறு கட்டங்களில் குரங்குகளின் தண்டுவடத்தை எடுத்துச் செல் செல்லாகப் பார்த்து, நரம்புச் செல்லின் சிதைவே முதன்மையானது, அது ரத்தக் குழாய் மாற்றங்களைச் சார்ந்து நிற்கவில்லை என்று எழுதினார். ஷார்கோ சாம்பலில் கண்டதை ஹர்ஸ்ட் நெருப்பிலேயே கண்டுவிட்டார். மறு ஆண்டு ஃபேர்பிரதருடன் சேர்ந்து, வைரஸ் நரம்பிழைகளின் வழியாகவே தண்டுவடத்துக்குள் பரவுகிறது என்றும் காட்டினார்.

மறைந்துபோன புலிவரி

ஹர்ஸ்டின் கண்டுபிடிப்பை அளவுகளால் உறுதி செய்தவர் டேவிட் போடியன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அடிப்படையில் நரம்பு உடற்கூற்றியலாளர். நரம்பிழைகளுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றும் முறை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. வைரஸ் ஆய்வுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் நுண்ணுயிரியலாளர்கள். இவரோ நரம்புச் செல்லின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவராக வந்தார். தேடலில் நான் அதிக நேரம் செலவிட்டது இவருடைய எழுத்துகளில்தான். குறிப்பாக, வைரஸையும் நரம்புச் செல்லையும் செயலிழப்பையும் ஒன்றாக வைத்து 1948இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில்.

அவர் பார்த்ததைப் புரிந்துகொள்ள, நலமான இயக்க நரம்புச் செல் எப்படி இருக்கும் என்று அறியவேண்டும். முன்கொம்பில் இருக்கும் இந்தச் செல்கள் உருவில் பெரியவை. ஒரு செல்லிலிருந்து கிளம்பும் இழை, இடுப்புப் பகுதியிலிருந்து கால் தசைவரை நீளும். அத்தனை நீளமான இழையைப் பேணுவதற்குச் செல் ஓயாமல் புரதம் செய்துகொண்டிருக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்ஸ் நிஸ்ஸில் கண்டுபிடித்த சாயத்தை ஏற்றினால், உட்கருவைச் சுற்றிலும் கருநீலத் திட்டுகள் எழும்பித் தெரியும். நிஸ்ஸில் துகள்கள் என்று அவற்றுக்குப் பெயர். பழைய நோயியலாளர்கள் புலிவரிப் பொருள் என்றே அழைத்தார்கள்.

போலியோ தொற்றிய தண்டுவடத்தில் முதலில் கலைவது இந்த வரிகள்தான். திட்டுகள் உடைந்து தூளாகின்றன. பிறகு தூளும் கரைந்து, செல்லின் உடல் வெளிறிப்போகிறது. உட்கரு சுருங்குகிறது; அதற்குள் சாயம் ஏற்கும் சிறு உருண்டைகள் தோன்றுகின்றன. அந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டால் செல் மடிகிறது. மடிந்த செல்லைச் சுற்றி வெள்ளையணுக்களும் நரம்புத் திசுவின் துப்புரவுச் செல்களும் கூடி, அதைத் தின்று தீர்க்கின்றன. கடைசியில் செல் இருந்த இடம் வெறுமையாகிறது.

இந்த மாற்றங்களைப் போடியன் நாள்கணக்கில் வரிசைப்படுத்தினார். காலில் செயலிழப்பு தென்படுவதற்கு முன்பே செல்கள் வெளிறத் தொடங்கிவிடுகின்றன. வைரஸின் அளவையும் அவர் தனியே அளந்தார். 1947இல் கம்பர்லாண்ட் என்பவருடன் எழுதிய கட்டுரை அதைப் பற்றியது. நரம்புத் திசுவில் வைரஸ் உச்சத்தைத் தொடுவது செயலிழப்பு தொடங்கும் காலத்தை ஒட்டியே. அதற்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இந்தத் தேடலில் எனக்கு மிக முக்கியமான விஷயம் புலப்பட்டது. குழந்தை நிற்கமுடியாமல் விழுகிறதே, அந்த நாளில் வைரஸ் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கிறது. பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும்போது, தண்டுவடத்தில் நடந்துகொண்டிருப்பது துப்புரவுப் பணி.

போடியன் இன்னொன்றையும் கண்டார். வெளிறிய செல்கள் எல்லாம் சாவதில்லை. மிக மோசமான கட்டத்துக்குப் போகாதவை, சில வாரங்களில் தம் நிஸ்ஸில் துகள்களை மீண்டும் உருவாக்கிக்கொள்கின்றன. செயலிழந்த கை ஒரு மாதம் கழித்து ஓரளவு அசையத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். செயலிழப்பே இல்லாத விலங்கின் தண்டுவடத்திலும் பாதிக்கப்பட்ட செல்கள் இருந்தன. ஒரு தசைக்குரிய செல்களில் பெரும்பகுதி போன பிறகுதான் பலவீனம் வெளியே தெரிகிறது.

அவரும் ஹோவர்ட் ஹோவும் 1941இல் செய்த ஒரு சோதனையையும் சொல்லவேண்டும். குரங்கின் கால் நரம்பை வைரஸில் நனைத்து, குறித்த நேரத்தில் நரம்பை மேலே வெட்டி, வைரஸ் அந்த இடத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்த்தார்கள். நரம்பிழைக்குள் அது மணிக்குச் சுமார் 2.4 மில்லிமீட்டர் வேகத்தில் போவதாகக் கணக்கிட்டார்கள். வேறொரு சோதனையில், நரம்பை முன்கூட்டியே துண்டித்து, செல் தன் இழையைப் புதுப்பிக்க முயன்றுகொண்டிருந்த நேரத்தில் வைரஸைச் செலுத்தினார்கள். அந்தச் செல்கள் வைரஸை எதிர்த்துத் தாக்குப்பிடித்தன. பக்கத்துச் செல்கள் அழிந்தன. இரண்டுக்கும் ஓடியது ஒரே ரத்தம். சூழ்ந்திருந்தது ஒரே அழற்சி. வாழ்வையும் சாவையும் பிரித்தது செல்லின் உள்நிலை. அழற்சிக் கட்சிக்கு எதிராக இதைவிட வலுவான சான்றை நான் அதுவரை படித்ததில்லை.

சிவப்பாகவே நின்ற குடுவை

இருந்தாலும் ஒரு சட்டநுணுக்கம் பாக்கி இருந்தது. குரங்கின் தண்டுவடத்தில் ரத்தக் குழாயும் உண்டு, வெள்ளையணுவும் உண்டு. அவை அறவே இல்லாத இடத்தில் வைரஸ் தனியாகச் செல்லைக் கொல்லுமா?

இதற்கு விடை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 1936இல் ஆல்பர்ட் சேபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் மனிதக் கருவின் திசுக்களில் வைரஸை வளர்க்க முயன்று, நரம்புத் திசுவில் மட்டுமே அது வளர்கிறது என்று அறிவித்திருந்தார்கள். அவர்கள் கையாண்டது மூளை மூளையாக மாற்றப்பட்ட அதே பழைய ராக்கஃபெல்லர் வைரஸ். அந்த முடிவு, வேறு திசுக்களில் முயன்று பார்க்கும் ஆசையையே பத்தாண்டுக்கு மேல் அணைத்துவிட்டது.

1948 மார்ச்சில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தாமஸ் வெல்லர், சின்னம்மை வைரஸை வளர்ப்பதற்காக மனிதக் கருவின் தோலும் தசையும் இட்ட குடுவைகளைத் தயாரித்திருந்தார். சில குடுவைகள் மிஞ்சின. உறைபெட்டியில் லான்சிங் என்ற போலியோ வைரஸ் இருந்தது. ஜான் எண்டர்ஸின் வழிகாட்டலில் மிஞ்சிய குடுவைகளில் அதைச் சேர்த்தார்கள். சின்னம்மை வளரவில்லை; போலியோ வளர்ந்தது. ஃபிரெடரிக் ராபின்ஸும் சேர, மூவரும் 1949 ஜனவரியில் சயன்ஸ் இதழில் எழுதிய சுருக்கமான கட்டுரை, நரம்பே இல்லாத திசுவில் போலியோ வைரஸ் பெருகும் என்று நிரூபித்தது. 1954இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தடுப்பூசிக்கு வழி திறந்த கட்டுரை என்றே எல்லோரும் இதை நினைவுகூர்கிறார்கள். என் கேள்விக்கு அடுத்து வந்த கட்டுரைகள்தாம் முக்கியம். உயிருள்ள திசு, குடுவையில் இருக்கும் ஊட்டக் கரைசலைப் பயன்படுத்தி அமிலத்தை வெளியிடும். கரைசலில் கலந்துள்ள பீனால் சிவப்பு என்ற நிறங்காட்டி அமிலம் ஏற ஏற மஞ்சளாகும். வைரஸ் சேர்க்காத குடுவை வழக்கம்போல் மஞ்சளானது. வைரஸ் சேர்த்த குடுவையில் செல்கள் செத்துவிட்டதால் அமிலம் போதிய அளவு உண்டாகவில்லை. கரைசல் சிவப்பாகவே நின்றது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் உருண்டு, சிதறி, கரைந்துகொண்டிருந்தன. அங்கே ரத்தக் குழாய் இல்லை. வெள்ளையணுப் படை இல்லை. வைரஸும் செல்லும் மட்டுமே இருந்தன. 1870இல் பாரிஸில் தொடங்கிய வழக்குக்குச் சுமார் எண்பது ஆண்டுகள் கழித்து இந்தக் குடுவைகள் சாட்சி சொல்லின.

செல்லுக்குள் நடந்தது

முதல் அடி வைரஸுடையது என்பது உறுதியாயிற்று. அடித்தது எதனால் என்பது மிச்சம். இதற்கு 1960கள் முதல் வெளிவந்த மூலக்கூறு உயிரியல் கட்டுரைகளைப் பார்க்கவேண்டும்.

வைரஸின் மரபுப்பொருள் சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை. செல்லின் மேற்பரப்பில் சிடி155 என்ற புரதம் இருந்தால்தான் அது உள்ளே நுழையமுடியும். 1989இல் மெண்டல்சன், விம்மர், ரகனியெல்லோ ஆகியோர் அந்த ஏற்பியை அடையாளம் கண்டார்கள். மறு ஆண்டு அதற்குரிய மனித மரபணுவை எலிக்குள் புகுத்தியபோது, இயல்பாகப் போலியோ வராத எலிக்கும் வாதம் வந்தது. லாண்ட்ஸ்டைனரின் முயலும் கினிப்பன்றியும் தப்பித்ததற்கு விளக்கம் எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்தது.

உள்ளே போன ஆர்என்ஏ நேராகச் செல்லின் ரைபோசோம்களில் ஏறிக்கொள்கிறது. செல் தன்னுடைய ஆர்என்ஏக்களின் முனையில் தொப்பி போன்ற ஓர் அமைப்பை வைத்திருக்கும். ரைபோசோம் அதை அடையாளம் கண்டுதான் புரதம் செய்யத் தொடங்கும். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொடுக்கும் புரதங்களில் ஒன்று, தொற்றிய செல்லில் இரண்டாக வெட்டப்படுகிறது என்று 1982இல் எட்சிசனும் குழுவினரும் காட்டினார்கள். அதை வெட்டுவதற்கு வழிசெய்வது வைரஸின் 2ஏ என்ற நொதி. வைரஸின் ஆர்என்ஏவுக்குத் தொப்பி கிடையாது. ரைபோசோமை இழையின் உட்பகுதியிலேயே அழைத்துக்கொள்ளும் அமைப்பு அதனிடம் உண்டு என்பதை 1988இல் கனடாவின் பெல்லெட்டியேயும் சோனன்பெர்க்கும் கண்டறிந்தார்கள். ஆக, செல்லின் சொந்த உற்பத்தி நின்றுபோக, எல்லா ரைபோசோம்களும் வைரஸுக்கே உழைக்கின்றன. 3சி என்ற இன்னொரு நொதி, உட்கருவில் புதிய ஆர்என்ஏ எழுதப்படுவதையும் முடக்குகிறது. ஆய்வகச் செல்லில் சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான புதிய வைரஸ்கள் நிரம்பி, செல் உடைந்து திறக்கிறது.

இந்த இடத்தில் இரு வேறு துறைகளின் ஆவணங்கள் ஒரே இடத்தைச் சுட்டுவதை உணர்ந்தேன். 1955இல் பாலேயும் பலாடேயும் நரம்புச் செல்லை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, நிஸ்ஸில் துகள்கள் என்பவை ரைபோசோம்கள் அடர்ந்த சவ்வுத் தொகுதிகள் என்று காட்டியிருந்தார்கள். அதாவது, போடியன் கண்ணெதிரே வெளிறிப்போன புலிவரிகள்தாம் செல்லின் புரத உற்பத்திக்கூடம். மூலக்கூறு உயிரியலாளர்கள் சோதனைக் குழாயில் கண்ட முடக்கமும், நோயியலாளர் ஸ்லைடில் கண்ட வெளிறலும் ஒரே இடத்தில் நடந்த தாக்குதலின் இரண்டு பதிவுகள் என்று இவற்றைச் சேர்த்துப் படிக்கிறேன். ஒரு மீட்டர் அளவுக்கு நீளக்கூடிய இழையைப் பேணவேண்டிய செல்லுக்கு, புரத உற்பத்தி நின்றால் தாங்காது.

இதோடும் முடியவில்லை. செல்களுக்குத் தம்மைத் தாமே கலைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு, அப்போப்டோசிஸ் என்பார்கள். 1995இல் மாஸ்கோவில் டோல்ஸ்கயாவும் அகோலும் தோழர்களும், போலியோ வைரஸ் அந்த ஏற்பாட்டைத் தூண்டவும் செய்கிறது, அடக்கவும் செய்கிறது என்று காட்டினார்கள். பெருக்கம் தடையின்றி நடந்தால் அடக்குகிறது; செல் முன்கூட்டியே மடிந்தால் நட்டம் வைரஸுக்கே. பெருக்கம் தடைபட்டால் செல் தன்னையே கலைத்துக்கொள்கிறது. 1999இல் பாரிஸின் பாஸ்தர் நிறுவனத்தில், ஏற்பி புகுத்திய எலிகளின் தண்டுவடத்தை ஆராய்ந்தவர்கள், வாதம் வந்த எலிகளின் இயக்க நரம்புச் செல்களில் டிஎன்ஏ துண்டாகிக் கிடக்கும் அப்போப்டோசிஸ் அடையாளத்தைக் கண்டார்கள். முதல் அடி வைரஸுடையதுதான். கடைசி அடியில் செல்லின் கையும் இருக்கிறது. ஷார்கோ ஆராய்ந்த அதே நகரத்தில் இந்தத் திருத்தம் எழுதப்பட்டது.

வரிசை தெரிந்ததால் விளைந்தது

1910களிலிருந்து மருத்துவர்கள், போலியோவிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை நோயாளிகளுக்குச் செலுத்திவந்தார்கள். 1931இல் நியூயார்க்கில் வில்லியம் பார்க் ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்தபோது, அதனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. செல்கள் வெளிறிய பிறகு கொடுக்கும் சீரம் எதைக் காப்பாற்றும்? வைரஸ் குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும் சில நாள்களில், நரம்பைத் தொடுமுன், எதிர்ப்பொருள் அங்கே தயாராக இருக்கவேண்டும். 1952இல் டாரத்தி ஹார்ஸ்ட்மனும் போடியனும் தனித்தனியே அந்த ரத்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தபோது, தடுப்பூசி வேலை செய்யும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை கிடைத்தது. சொட்டு மருந்தைக் குழந்தை நலமாக இருக்கும்போதே கொடுக்கிறோமே, அதன் நியாயம் இந்த வரிசையில் இருக்கிறது. இந்தியாவில் 2011 ஜனவரியோடு காட்டுப் போலியோ நின்றதும், 2014 மார்ச்சில் சான்று கிடைத்ததும் வீடு வீடாக ஏறி அந்தச் சொட்டுகளைக் கொடுத்தவர்களால்.

இன்னொரு பாடத்தை நாம் இன்னும் சரிவரக் கற்கவில்லை. இங்கிலாந்தின் ஷரார்ட் 1950களில் போலியோவில் இறந்தவர்களின் தண்டுவடத்தில் செல்களை எண்ணி, எந்தக் கால் தசைக்கு எந்தச் செல் வரிசை என்று பொருத்திப் பார்த்தார். பாதத்தை மேலே தூக்கும் தசைக்குரிய செல் வரிசை குட்டையானது. ஒரே அடியில் முழுதும் போய்விடும். தொடையின் முன்தசைக்குரியது நீளமானது, கொஞ்சமாவது மிஞ்சும். மிஞ்சிய செல்கள் புதுக் கிளைகளை விட்டு, ஆதரவிழந்த தசையிழைகளையும் ஏற்றுக்கொள்கின்றன. அப்படித்தான் பலர் எழுந்து நடந்தார்கள். பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறிச் சுமந்த அந்தச் செல்கள் நடுவயதுக்கு மேல் தளர்வதால்தான் புதிய பலவீனமும் சோர்வும் வலியும் வருகின்றன என்பது போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறிக்கு இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

தமிழ்நாட்டில் 1970களிலும் 80களிலும் போலியோ தாக்கிய குழந்தைகள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டியவர்கள். காலிபர் போட்டுப் பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய், குடும்பம் நடத்தியவர்கள். நன்றாக இருந்த காலிலும் பலம் குறைகிறது என்று அவர்கள் சொல்லும்போது, வயதாகிவிட்டது என்றோ இன்னும் பயிற்சி செய்யுங்கள் என்றோ அனுப்பிவிடக் கூடாது. மிஞ்சிய செல்லின் மேல் மேலும் சுமை ஏற்றும் கடும் பயிற்சி அவர்களுக்குக் கெடுதல் செய்யும். ஓய்வோடு அளந்து கொடுக்கும் பயிற்சியும், தகுந்த கருவியும், மூச்சுத்திறன் பரிசோதனையும் வேண்டும். போலியோவை ஒழித்த நாடு, போலியோ வந்தவர்களுக்கென மாவட்ட மருத்துவமனைதோறும் இதற்கான கண்காணிப்பை ஏற்படுத்தவேண்டும். புதிய நோயாளி இல்லை என்பதால் அந்த நோயின் கணக்கு முடிந்துவிடவில்லை.